பிள்ளைகளோடு பறவைச் சரணாலயமும் பங்குக் கோயிலும்: ராமநாதபுரம் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமநாதபுரம் பக்கம் பறவை பார்க்கப் போக வேண்டும், அப்படியே ஒரு பழைய ஆலயத்தில் பூசையும் காண வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அன்பியத்துப் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கிளம்பியபோது ஓரிடத்தில் கேட்டால் இன்னோர் இடத்தைக் கைகாட்டினார்கள். அங்கே போனால் "லெட்டர் கொண்டுவந்தீங்களா?" என்றார்கள். என்ன லெட்டர், யாருக்கு என்று சொல்ல ஆள் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். மதுரையிலிருந்து கிளம்புகிற கணக்கில் எழுதியிருக்கிறேன், திருச்சி, திண்டுக்கல்காரர்கள் தூரத்தை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

1. முதலில் தண்ணீரை விசாரியுங்கள், பிறகு லீவு போடுங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்துச் சரணாலயங்கள் பெரும்பாலும் கண்மாய்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர், தேர்த்தங்கால், சக்கரக்கோட்டை எல்லாமே வயலுக்குப் பாய வெட்டிய கண்மாய்கள்தான். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகினால் பறவை வரும், கூடு கட்டும். பொய்த்த வருடத்தில் வெடித்த கரம்பையையும் காய்ந்த கருவேல மரங்களையும்தான் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். "அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சீசன்" என்று எங்கும் எழுதியிருக்கும். அதை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

நவம்பர் கடைசியில் இரண்டு இடத்தில் கேளுங்கள். ஒன்று, ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகம். இன்னொன்று, முதுகுளத்தூர் அல்லது பரமக்குடிப் பக்கம் தெரிந்தவர் யாராவது. இரண்டாவது ஆள்தான் உண்மையான நிலவரம் சொல்வார். "கண்மாயில தண்ணி கிடக்கா, மரத்துல கூடு ஏறியிருக்கா?" என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும்.

தேதி என்று பார்த்தால் அரையாண்டு விடுமுறைதான் எல்லோருக்கும் தோதாக வரும். 24 இரவும் 25ம் கோயிலில் போய்விடும், 31 இரவு நன்றி வழிபாடு. ஆகவே டிசம்பர் 26 முதல் 30 வரை உங்கள் கையில் இருக்கிறது. குஞ்சுகளைப் பார்க்க வேண்டுமானால் ஜனவரிக் கடைசி சனி, ஞாயிறு இன்னும் நல்லது. எரேமியா 8ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தை வண்டியில் போகும்போது ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். வானத்து நாரைக்குத் தன் காலம் தெரிகிறது, மக்களுக்குத்தான் தெரியவில்லை என்று இறைவாக்கினர் குறைப்படுகிற இடம் அது. லீவு கிடைத்த நாளில் பறவை வர வேண்டும் என்று எதிர்பார்க்கிற நம் எல்லோருக்கும் பொருந்தும்.

2. மூன்று பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று வேன்காரர் சொல்வார். முடியாது. முடிந்தாலும் பிள்ளைகள் வண்டியில் தூங்கிக்கொண்டுதான் பார்ப்பார்கள்.

தெற்குப் பாதை: கூடு கட்டும் பறவைகளுக்கு இதுதான். ராமநாதபுரம் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை, பரமக்குடியிலேயே முதுகுளத்தூர் சாலையில் திரும்பிவிடுங்கள். முதுகுளத்தூருக்கு அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் அதற்கப்பால் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் 1989இல் சரணாலயமானவை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதாக 2022இல் அறிவிக்கப்பட்டவை. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கூழைக்கடா, சாம்பல் நாரை, நீர்க்காகம் என்று பிள்ளைகள் முதல் நாளிலேயே பெயர் சொல்லிப் பழகக்கூடிய பெரிய பறவைகள் இங்கே வரும். அங்கிருந்து தெற்கே சாயல்குடிப் பக்கம் இறங்கினால் மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர். 593 எக்டேர், பெரிய கண்மாய், அதனால் பறவை தூரத்தில்தான் இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சித்திரங்குடியே மேல். சாயல்குடியிலிருந்து கடற்கரைக்கு வந்தால் மூக்கையூர், அங்கே சந்தியாகப்பர் ஆலயம். மீனவர் ஊர், காற்று நன்றாக இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார ஏற்ற இடம். சாயல்குடியில் கருப்பட்டி வாங்க மறந்துவிடாதீர்கள்.

வடக்குப் பாதை: தேவிபட்டினம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி நோக்கிப் போகும் வழியில் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துவது. துடுப்புப் படகும் உண்டு. ஊரே கத்தோலிக்க ஊர், செங்கோல் மாதா ஆலயம் இருக்கிறது. அங்கிருந்து தொண்டி தாண்டி வடக்கே போனால் ஓரியூர், போர்ச்சுகலிலிருந்து வந்த குரு புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்ட செம்மண் திடல். கூடு, குஞ்சு எல்லாம் இந்தப் பாதையில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதுதான் சுகம்.

கிழக்குப் பாதை: தனுஷ்கோடி. பூநாரைகளுக்காக 2025 ஜூனில் இங்கே சரணாலயம் அறிவித்தார்கள், ஏறத்தாழ 524 எக்டேர். சாலைக்குப் பக்கத்து ஆழமில்லாத நீர்ப்பரப்பில் நிற்கும். 1964 டிசம்பர் புயலில் இடிந்த ஆலயத்தின் சுவர்கள் சாலையோரத்திலேயே இருக்கின்றன. சுவரில் ஏறிப் படம் எடுக்கிறவர்களைப் பார்ப்பீர்கள். உங்கள் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள், கல் பெயர்ந்து வருகிறது. அரிச்சல்முனையில் கடலில் இறங்கவே கூடாது, நீரோட்டம் இழுக்கும். மாலை ஐந்து மணியை ஒட்டி வண்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே காலையில் போங்கள்.

அரை நாள்தான் இருக்கிறது என்றால் சக்கரக்கோட்டைக் கண்மாய் போதும். ராமநாதபுரம் நகரை ஒட்டியே இருக்கிறது.

என்னைக் கேட்டால் முதல் முறை போகிறவர்கள் தெற்குப் பாதையையே எடுக்கச் சொல்வேன்.

3. பூசை நேரமும் பறவை நேரமும் மோதும்

பறவைக்கு நல்ல நேரம் விடிந்து இரண்டு மூன்று மணி நேரம். ஞாயிறு பூசையும் அதே நேரம்தான். இந்தச் சிக்கலைத் தீர்க்காமல் கிளம்பினால் இரண்டிலும் அரைகுறையாக நிற்பீர்கள். கத்தோலிக்கர்களுக்கு எளிய வழி, சனிக்கிழமை மாலை ஞாயிறு திருப்பலி வைக்கிற பங்கு ஒன்றைப் பார்த்து அங்கே கண்டுவிட்டு, ஞாயிறு காலையைக் கண்மாய்க்கு விட்டுவிடுவது. எல்லாப் பங்கிலும் சனி மாலைப் பூசை இருக்காது. பங்கு அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்கள் சனிக்கிழமையைப் பறவைக்கும் ஞாயிறு காலையை ஆராதனைக்கும் வைத்துக்கொண்டால் நிம்மதி.

காரங்காடு போகிறவர்கள் ஞாயிறு காலையில் படகுக்காக ஊருக்குள் போய் நிற்காதீர்கள். ஊரே கோயிலில் இருக்கும். நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள், முடிந்தபின் படகு கேட்கலாம்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: பிப்ரவரி 4ஐ ஒட்டிய நாட்களில் ஓரியூர் நெரிசலாக இருக்கும். திருவிழாவுக்கே போகிறீர்கள் என்றால் சரி, பிள்ளைகளோடு அமைதியாகப் பார்க்க என்றால் வேண்டாம். தை அமாவாசையும் பறவைக் காலத்தில்தான் வருகிறது. அன்று ராமேஸ்வரத்தில் அறையும் கிடைக்காது, வண்டியும் நகராது. கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் உண்டு. அதனால் ராமேஸ்வரத்தில் தங்காமல் ராமநாதபுரத்தில் தங்குங்கள். 55 கிலோமீட்டர்தான்.

4. காகிதங்கள்

ஒரு குடும்பமாகக் காரில் போனால் பெரியவர்களின் ஆதாரும் வண்டி ஆவணங்களும் போதும். விடுதியிலும் படகுத் துறையிலும் ஆதார் கேட்பார்கள். போனில் படமாக வைத்திருந்தாலும் ஒரு நகல் கையில் இருக்கட்டும், கண்மாய்க் கரையில் சிக்னல் விட்டுவிட்டு வரும்.

மறைக்கல்விப் பிள்ளைகள், ஞாயிறு பள்ளி, அன்பியம் என்று கூட்டமாகப் போனால் கடிதம் வேண்டும். அந்த "லெட்டர்" இதுதான்: வன உயிரினக் காப்பாளர், மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா, ராமநாதபுரம் என்று முகவரியிட்டு, போகிற தேதி, நேரம், சரணாலயத்தின் பெயர், பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர், வண்டி எண், பொறுப்பாளர் பெயர், போன் எண் எழுதி, பங்குத்தந்தை அல்லது சபைப் போதகர் கையொப்பமும் கோயில் முத்திரையும் வாங்குங்கள். இரண்டு வாரம் முன்னதாகக் கொடுங்கள். இரண்டு படி எடுத்துப்போய் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத படி அன்றைக்குக் கரையில் ஒன்றுக்கும் உதவாது. பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் தனியாக வாங்கிவிடுங்கள். அதை எந்த அலுவலகமும் கேட்காது, ஆனால் படகில் ஏற்றும்போது உங்களுக்கே தைரியமாக இருக்கும்.

டிரோன் கொண்டுபோகவே வேண்டாம். எல்லைக் கடற்கரை, அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் போலீஸ் கேஸ்.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கரையில் யாராவது படகோடு வந்து பேசினால் மறுத்துவிடுங்கள். தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைத்தால் படகுக்காரருக்கும் உங்களுக்கும் வழக்கு. வனத்துறை நடத்தும் படகு மட்டும்தான்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையும் இதோடு சேர்த்துவிடலாம் என்று பலர் கேட்கிறார்கள். சேர்க்க முடியாது. அது வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி, மார்ச் வாக்கில். பெயர் பதிவு, அடையாள ஆவணம், சரிபார்ப்பு எல்லாம் தனி. ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்கில் விசாரியுங்கள்.

5. செலவு

பெரிய செலவு வண்டிதான். வெளியூர் வாடகைக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் ஒன்று வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 250. மதுரையிலிருந்து தெற்குப் பாதை போய் ராமநாதபுரம் வழியாகத் திரும்பினால் ஏறத்தாழ 350 ஆகிவிடும். ஒரே நாளில் முடித்தால் கூடுதல் நூறுக்குத் தனிக்காசு. இரண்டு நாள் எடுத்தால் 500 வரை கணக்கு, அதற்குள் இன்னொரு கண்மாயும் ஓர் ஆலயமும் பார்த்துவிடலாம். ஆனால் ஓட்டுநர் பேட்டா இரட்டிப்பாகும், அறை வாடகை சேரும். ஆள் குறைவாக இருந்தால் ஒரு நாளே மலிவு. வாடகை பேசும்போது டோல், பார்க்கிங், இரவுப் பேட்டா யார் தலையில் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். திரும்பி வந்தபின் நடக்கும் சண்டையெல்லாம் இதில்தான்.

ரயிலில் வருகிறவர்களுக்கு, 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ராமேஸ்வரம் வரை மறுபடி ரயில் போகிறது. கிழக்குப் பாதைக்கு அது ஒத்துவரும். தெற்குப் பாதைக்கு வண்டி இல்லாமல் முடியாது.

படகுக் கட்டணம் ஆள் கணக்கு, துறையிலேயே பலகையில் எழுதியிருக்கும். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகு ஓடாது, டிசம்பரில் இது சகஜம். படகை நம்பி மட்டும் ஒரு பயணத்தைப் போடாதீர்கள்.

கோயிலில் தங்கினாலோ மண்டபத்தைப் பயன்படுத்தினாலோ கிளம்பும்முன் காணிக்கை கொடுத்துவிடுங்கள். "ஃபாதர் ஒன்றும் கேட்கவில்லையே" என்று வந்துவிடுவது அழகில்லை. கரண்ட் பில் அவர்தான் கட்டுகிறார்.

6. பையில்

கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடும் பளபளக்கும் பாவாடையோடும் கண்மாய்க் கரைக்குப் போனால் பறவை எழும்பிவிடும். மண் நிறம், பச்சை, சாம்பல் நிறத்தில் ஒரு மாற்று உடை. செருப்பு வேண்டாம், கெட்டி அடியுள்ள ஷூ. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும். இருநோக்கி (பைனாகுலர்) வாங்குவதென்றால் 8க்கு 42 அளவு, அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர். 20 மடங்கு, 30 மடங்கு என்று விற்கிற பொம்மைகளில் பிள்ளைகள் கை நடுங்கி ஒன்றும் தெரியாமல் அழுவார்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். கரையில் கழிப்பறையை நம்பாதீர்கள், முதுகுளத்தூரிலோ சாயல்குடியிலோ முடித்துக்கொண்டு வாருங்கள்.

7. கரையில்

கிட்டார், மைக், கைத்தாளம் எதுவும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பாட்டுப் பாடி ஆண்டவரைத் துதிக்க மூக்கையூர்க் கோயில் இருக்கிறது. கூட்டில் உட்கார்ந்த பறவை ஒருமுறை பயந்து எழும்பினால் காகம் முட்டையைக் கொத்திவிடும், சின்னக் குஞ்சு வெயிலில் வாடிவிடும். பக்கத்து சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. நாம் ஒரு காலைப்பொழுது வாயைக் கட்ட முடியாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. நற்செய்திக் கைப்பிரதிகளை எடுத்துப்போய் கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிறவர்களிடம் நீட்டாதீர்கள். அது அவர்கள் ஊர்க் கண்மாய், அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிற பறவை. நாம் விருந்தாளி.

8. வேதம் பேசுவது எப்போது, எவ்வளவு

பார்வைக் கோபுரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிரசங்கம் கூடாது. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் பார்க்க விடுங்கள்.

எல்லோரும் எடுப்பது மத்தேயு 6:26. விதைக்காத, அறுக்காத பறவைக்கும் பரலோகத் தந்தை உணவளிக்கிறார் என்கிற இடம். அதை வாசித்துவிட்டு "அதனால கவலைப்படாதீங்க" என்று முடித்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் நேராகவே கேட்டான்: "சிஸ்டர், கண்மாய் வத்திப்போன வருஷம் யாரு சாப்பாடு குடுத்தா?" சிஸ்டர் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. இந்தக் கண்மாயை வெட்டியது யார், மடையை அடைக்கிறது யார், மரத்தை வெட்டாமல் விட்டது யார் என்று அவனையே எண்ணச் சொன்னார். அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். கடவுள் ஊட்டுவது இத்தனை பேர் கை வழியாக வருகிறது என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம், தோன்றாமலும் இருக்கலாம். எனக்குத் தோன்றியது.

மரத்தடியில் விழுந்து செத்த குஞ்சைக் கட்டாயம் பார்ப்பீர்கள். குருவி ஒன்று தரையில் விழுவதும் தந்தைக்குத் தெரியும் என்கிற மத்தேயு 10:29ஐ அப்போது சிலர் எடுப்பார்கள். தெரிந்தும் ஏன் விழுந்தது என்று பிள்ளை கேட்கும். தெரியவில்லை என்று சொல்வதற்குத் தயாராகப் போங்கள். பெரியவர் ஒருவர் தெரியவில்லை என்று சொல்வதைக் கேட்டு எந்தப் பிள்ளையின் விசுவாசமும் குறைந்துபோனதாக நான் பார்க்கவில்லை.

நான் பரிந்துரைப்பது திருப்பாடல் 91:4, ஆண்டவர் தம் சிறகுகளால் உன்னை மூடுவார் என்கிற இடம். அதற்கு ஜனவரி, பிப்ரவரியில் பத்து மணி வரை கரையில் இருக்க வேண்டும். வெயில் ஏறியதும் மஞ்சள் மூக்கு நாரை கூட்டில் நின்றபடி இறக்கையை அகல விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும். அசையாமல் நிற்கும், குஞ்சுகள் அந்த நிழலுக்குள் நெருங்கிக்கொள்ளும். அதைக் காட்டிவிட்டு வசனத்தை வாசியுங்கள், விளக்கம் தேவைப்படாது. பத்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு 104ஆம் பாடலில் நாரைக்கு மரத்தில் வீடு உண்டு என்று வருகிற இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

9. கிளம்பும்முன்

குப்பையை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி முதல் மாநிலத்திலேயே தடை, ஆனாலும் பிஸ்கட் உறை காற்றில் கண்மாய்க்குள் போய்விடும். கடைசிப் பதினைந்து நிமிடம் எல்லோரும் ஓரிடத்தில் நின்று, கண்ணில் படுகிற பறவைகளை இனவாரியாக எண்ணி, பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்கிற ஈபேர்ட் (eBird) செயலியில் ஏற்றுங்கள். பொங்கல் விடுமுறையில் போகிறவர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் அதையே சேர்த்துவிடலாம். எண்ணுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர் என்று பிரித்துவிட்டால் சண்டை வராது. பெயர் தெரியாததைக் கூகுளைப் பார்த்து ஊகித்து எழுத வேண்டாம். கொக்கில் ஏதோ ஒரு வகை என்று மட்டும் பதிவு செய்யவும் அந்தச் செயலியில் இடம் இருக்கிறது.